சேலம் அஸ்தம்பட்டில கேஸ் வேண்டாம்னு சொல்ற வக்கீல்

கோர்ட்டுக்கு பக்கத்துல மாடில இருக்கற இந்த ஆபீஸுக்கு ரெண்டு விஷயமா போனோம், ஒண்ணு கன்னங்குறிச்சி வீட்டு காம்பவுண்ட் சண்டை, இன்னொண்ணு பையனோட கிரிக்கெட் டிக்கெட் சமாச்சாரம். நாலு ஸ்டார்.

பக்கத்து வீட்ல சுவர் எழுப்பி 9 வருஷம் ஆச்சு, ஒன்றரை அடி நம்ம பக்கம் வந்துட்டாங்கன்னு எங்கூட்டுக்காரர் வாரா வாரம் டேப் வெச்சு அளந்துட்டே இருப்பாரு. மஞ்சப்பைல பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா எல்லாம் தூக்கிட்டு போனோம். வக்கீல் நாலெல்லை வர்ற பக்கத்துல பேனாவ வெச்சுகிட்டு "எஃப்எம்பி எங்கம்மா?"ன்னாரு, அது நிலத்தோட அளவெல்லாம் போட்ட சர்வே வரைபடமாம், அப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்கு தெரியாது, அவரே போன்ல சர்வே நம்பர் போட்டு வரைபடத்த எடுத்து காட்டினாரு. "நீங்க அளந்ததெல்லாம் கோர்ட்ல நிக்காது, பணம் கட்டி கவர்மெண்ட் சர்வேயர வரவெச்சு அளங்க, அப்புறம் பேசலாம், ஆனா 12 வருஷம் தாண்ட விட்டுடாதீங்க, அப்புறம் அவங்க அனுபவ பாத்தியம், இத்தன வருஷம் நாங்கதான் அனுபவிச்சோம், இடம் எங்களுக்கேன்னு நிப்பாங்க"ன்னாரு. அவ்வளவுதான், 500 ரூபா.

சர்வேயர் வந்து செயின் போட்டு அளந்தா அவங்க வந்தது 7 இஞ்ச், ஆனா பின்னாடி எங்க செப்டிக் டேங்க் மூலை அவங்க இடத்துல நிக்குது! எங்கூட்டுக்காரர் இப்பல்லாம் டேப்ப தொடறதே இல்ல.

பையன் விஷயம் என்னன்னா சென்னைல ஒரு மேட்ச், ஆன்லைன்ல காசு கட்டி சீட் நம்பரோட டிக்கெட் எடுத்தான், போனா அந்த சீட்ல வேற ஆளு, கடைசில தூணுக்கு பின்னாடி நிக்க வெச்சுட்டாங்க. அதுக்கு சென்னைக்கு அலைய வேண்டாமாம், 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கற ஊர்லயே, சேலத்துலயே புகார் குடுக்கலாமாம், 2 வருஷத்துக்குள்ள குடுக்கணும், கட்டின காசு 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸும் இல்ல, வக்கீலும் வேண்டாம்னு வக்கீலே சொல்றாரு பாருங்க. டிக்கெட், பணம் கட்டின மெசேஜ், அந்த தூண் போட்டோ மூணையும் அழிக்காம வெச்சுக்கச் சொன்னாரு, பையன் போட்டோவ எப்பவோ டெலீட் பண்ணிட்டான், நல்லவேளை ஃபிரண்டுக்கு வாட்ஸப்ல அனுப்பி வெச்சிருந்தான்.

அஞ்சாவது ஸ்டார் ஏன் குடுக்கலன்னா பதினோரு மணிக்கு வரச்சொல்லிட்டு ஒண்ணரைக்குதான் கூப்பிட்டாங்க, உக்கார ரெண்டே சேர், அதுக்குள்ள கீழ போய் ரெண்டு தட்டுவடை செட் சாப்ட்டு வந்துட்டோம். படியும் செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்க கீழ நின்னு போன் பண்ணுங்க, எடுத்தா உங்க அதிர்ஷ்டம்.