ரேகை விழாத கை

நாலு வருஷம் கழித்து லண்டனிலிருந்து தருமபுரி வந்தேன். அந்த மூன்று வார லீவில் இன்னும் மனசை அறுப்பது ஒரே ஒரு காலைதான். கலெக்டர் ஆபீஸ், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கும் கவுன்ட்டர்.

அத்தைக்குக் குடல் புற்றுநோய். ஆபரேஷனுக்கே கறவை மாடு இரண்டும் போச்சு. அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அத்தைக்கு அதில் பாதிகூட வராது. எடுக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் மஞ்சப் பையில் தயார்.

கைரேகை வைக்கச் சொன்னார்கள். கட்டைவிரல் விழவில்லை. ஆள்காட்டி விரலும் விழவில்லை. ஈரத்துணியில் துடைத்து, முந்தானையில் தேய்த்து, பத்து விரலும் வைத்தாயிற்று. ஓடிபி அனுப்பலாம் என்றால், ஆதாரில் இருப்பது செத்துப்போன மாமாவின் நம்பர். வரிசையில் முணுமுணுப்பு. அத்தை இரண்டு கையையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். "புளி தட்டித் தட்டித் தேஞ்சு போச்சு கண்ணு. விட்டுரு, போலாம்."

புளி இல்லை. அந்த விரல்களை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். சிவந்து, தோல் உரிந்து, நுனியெல்லாம் வழவழவென்று இருந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் கேப்சைட்டபின் மாத்திரைதான் காரணம், 14 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுவது. உள்ளங்கையும் பாதமும் எரியும், சிலருக்கு ரேகையே அழியும். டாக்டர்களுக்குத் தெரிந்த விஷயம். எழுதிக்கொடுத்த இடத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ரேஷன் கடையிலும் ரேகை விழாமல் இரண்டு மாசம் அரிசி வாங்காமலே திரும்பியிருக்கிறார். எங்களிடம் மூச்சு விடவில்லை.

லண்டனில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரைதான். இங்கிலாந்தில் 2009-லிருந்து புற்றுநோயாளிகளுக்கு மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது. அதைக்கூட விடுங்கள். ஒரு நர்ஸ் போன் பண்ணி, "கை எப்படி இருக்கு" என்று கேட்பார். நாலு ரோட்டில் இறங்கினால் முன்பின் தெரியாதவர்கூட "எந்த ஊரு, யார் வீட்டுப் பையன்" என்று விசாரிக்கிற நம் ஊரில், இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லையே என்று வயிறு எரிந்தது.

ஆள் இருந்தது. கவுன்ட்டர் பெண் எழுந்து, கண்ணைப் பதிவு பண்ணும் மெஷினோடு வெளியே வந்தாள். "கண்ணை நல்லா திறங்க பாட்டி." முதல் தடவை விழவில்லை, அடுத்த தடவை விழுந்தது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "ரொம்ப எரியுதா?"

அத்தை அங்கேயே அழுதுவிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அழுது யாரும் பார்த்ததில்லை.

அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். கை இப்படி ஆனால் உடனே வந்திருக்க வேண்டும், மாத்திரையை நிறுத்தியோ குறைத்தோ கொடுப்போம் என்றார். சென்னைக்கு மொரப்பூரில் ரயில் ஏறுகிறவர்களுக்கு இன்னொன்று: ஆஸ்பத்திரிச் சான்று இருந்தால் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம், துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. இத்தனை நாள் அத்தை வீட்டில் முழுக்காசு கொடுத்துத்தான் போய் வந்திருக்கிறார்கள்.

ராத்திரி களி கிண்ட அத்தை அடுப்படியில் உட்கார்ந்தார். அவர் கையிலிருந்து துடுப்பை அத்தை மகன் வாங்கிக்கொண்டான்.