போர்டு இல்லாத பட்டறையும் என் பழைய ஆம்னியும்

சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி எல்லாம் ஏறுவது 1998 மாடல் மாருதி ஆம்னியில். டிஎன் 23 வண்டி, கார்புரேட்டர் இன்ஜின். போன வைகாசியில் வள்ளிமலையில் ஒரு முகூர்த்தம். விடிகாலை நாலு மணிக்குக் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பத்து நிமிஷம் விட்டால் ஸ்டார்ட் ஆகும், இறக்கத்தில் குஷியாக ஓடும், அடுத்த மேட்டில் மறுபடி மூச்சு வாங்கும்.

ஊருக்குள் ஒரு மெக்கானிக் இரண்டு தடவை ஃபில்டர் மாற்றினார், கார்புரேட்டரைக் கழுவினார், கடைசியில் "வேலூர் வெயில் சார், பெட்ரோல் கொதிக்குது" என்றார். விடிகாலை நாலு மணிக்கு என்ன வெயில்?

அப்புறம்தான் சத்துவாச்சாரி பட்டறைக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில், புங்கமரத்தடியில் இருக்கிறது. போர்டு கிடையாது. பழைய ஆம்னி இரண்டு மூன்று எப்போதும் நிற்கும், அதுதான் அடையாளம். பாய் முன்சீட்டைத் தூக்கினார், இன்ஜின் அதற்கு அடியில்தானே. டேங்கிலிருந்து வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, ஒரு கேன் பெட்ரோலிலிருந்து புது டியூப் வழியாக நேரே பம்புக்குக் கொடுத்தார். எவ்வளவு ரேஸ் கொடுத்தும் ஒரு தும்மல் இல்லை.

"பம்பு நல்லா கீதுண்ணா. ஓஸ்தான் காத்து இழுக்குது."

விஷயம் இதுதான். இந்த வண்டியில் பம்பு இன்ஜினோடு இருக்கிறது, டேங்கிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. பம்புக்குப் பிறகு விரிசல் விட்டால் பெட்ரோல் சொட்டும், நமக்கும் தெரியும். பம்புக்கு முன்னால் விரிசல் என்றால் ஒரு சொட்டு கூட வெளியே வராமலே காற்று உள்ளே போகும். டேங்க் பக்கத்துத் துண்டை பாய் வளைத்துக் காட்டினார், கோடையில் வெடித்த ஏரி மண் போல இருந்தது. இன்னொரு துண்டைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைத்திருந்தார்கள், யார் செய்த புண்ணியமோ. உள்பக்க ரப்பர் உப்பிப் பிசுபிசுத்தது. இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1998 ரப்பர் அதைக் கனவிலும் கண்டிருக்காது.

இரண்டு வகை ஓஸ் காட்டினார். ஒன்று சாதாரணம். இன்னொன்றின் மேல் 'எஸ்ஏஇ ஜே30 ஆர்9' என்று அச்சிட்டிருந்தது, எத்தனாலைத் தாங்கும் ரகம், விலை இரண்டு மடங்குக்கு மேல். அதையே போடச் சொன்னேன்.

வேலை சுத்தம். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினார், பக்கத்தில் மணல் வாளி வைத்தார், பிறகுதான் டேங்கைக் காலி செய்தார். அடியில் ஓடும் இரும்புக் குழாயில் காற்று அடித்ததும் டீ டிகாஷன் நிறத்தில் துரு வந்தது. ஃபில்டரின் அம்புக்குறி பம்பைப் பார்த்து இருக்கிறதா என்று என்னையே குனிந்து பார்க்க வைத்தார். ஓஸ், ஃபில்டர், கிளிப், கூலி எல்லாம் சேர்த்து 2,350 ரூபாய்.

குறைகளும் உண்டு. சாயங்காலம் என்றவர் மறுநாள் மதியம்தான் கொடுத்தார். மிச்சப் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் ஓஸை நான் கேட்ட பிறகே மாற்றினார். "அதுல பிரஷர் இல்லண்ணா" என்றார். பிரஷர் இல்லாவிட்டால் என்ன, நம் சீட்டுக்கு அடியில் சொட்டுவது பெட்ரோல்தானே? வீட்டுக்கு வந்ததும் ஒரு கிளிப் பக்கம் வாடை அடித்தது. திரும்பப் போனேன், காசு வாங்காமல் முறுக்கிக் கொடுத்தார். பில் என்று தந்தது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய கணக்கு.

ஆயிரம் கிலோமீட்டரில் ஃபில்டரை இன்னொரு தடவை மாற்றச் சொல்லியிருந்தார், இளகிய துரு வந்து சேருமாம். மாற்றினேன். பழசைத் தட்டியபோது அரை ஸ்பூன் பழுப்புத் தூள் விழுந்தது. போன வாரம் நாலு அண்டாவோடு அதே மேம்பாலத்தில் நிற்காமல் ஏறினேன்.

போவதென்றால் வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், ஜும்மாவுக்குப் பூட்டியிருக்கும்.