கொடைக்கானல் மலைப்பூண்டு: கடையிலும் வாங்கினேன், பூம்பாறையிலும் வாங்கினேன்

மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு கொடுக்க வேண்டும், அதுவும் மலைப்பூண்டுதான் என்று என் அம்மா ஒற்றைக்காலில் நின்றார். மதுரையில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு, புவிசார் குறியீடு பெற்றது’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பை இருந்தது. அந்த ஊரில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று அரசு பதிந்து கொடுப்பதுதான் புவிசார் குறியீடு. கால் கிலோ 150 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். அம்மா ஒரு பல்லை உடைத்து முகர்ந்தார். "புகை வாசமே இல்லையே! இது வடநாட்டுப் பூண்டுடி" என்று பையைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினோம். கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோரம் ஒரு பெண் தண்டோடு சேர்த்துக் கட்டிய பூண்டை விற்றுக்கொண்டிருந்தார். தோல் வெள்ளையாக இல்லை, புகையேறிப் பழுப்பாக இருந்தது. ஒரு பல்லைக் கடித்ததும் காது வரை ஏறியது. கிலோ 400 ரூபாய். "விதைப்பூண்டு அடுப்புக்கு மேல தொங்குதுக்கா, வருசம் ஆனாலும் கெடாது" என்றார்.

அவரிடம் ஸ்டிக்கரும் இல்லை, பையும் இல்லை. பழைய செய்தித்தாளில்தான் சுற்றிக் கொடுத்தார். "குறியீடு கிடைச்சது தெரியும்க்கா. ஸ்டிக்கர யாரு தர்றா?"

இந்தப் பூண்டுக்குக் குறியீடு கிடைத்தது 2019-ல். அதற்கு முன்பே இதே திண்டுக்கல் மாவட்டத்து விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் கிடைத்துவிட்டது. கூடுதல் விலை கொடுக்க எனக்குத் தயக்கமே இல்லை, குறியீடு கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் பூண்டின் பெயருக்குக் குறியீடு வாங்கினால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்துகிறவர், சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தன் பெயரையும் பதிய வேண்டும் என்கிறது சட்டம். நான் வாங்கிய கடைப் பையில் பதிவு எண்ணும் இல்லை, விளைந்த ஊரும் இல்லை. அரை ஏக்கர் வைத்திருக்கும் அந்தப் பெண் எப்போது கிண்டிக்குப் போய்ப் பதிவார்? ஊருக்கே வந்து பதிந்து கொடுத்தால்தான் ஆகும்.

சமையலுக்கு வருகிறேன். பல் பொடிசு. உரிக்க உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போய்விடும், கட்டைவிரல் நகம் எரியும். அதற்காக ஒரு மதிப்பெண் குறைத்து 5-க்கு 4. ஆனால் நல்லெண்ணெயில் வதக்கிக் குழம்பு வைத்தால், வழக்கமாகப் போடுவதில் பாதியே போதும். வெந்த பிறகும் பல் குழையாமல் நின்றது. மருமகன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், பிள்ளை பெற்றது அவர்தான் என்பது போல.

வந்து ஆறு வாரம் ஆகிறது. மிச்சக் கட்டு சமையலறை ஆணியில் அப்படியே தொங்குகிறது. கடைப் பையில் இருந்தது முளைவிட்டு, பச்சையாக எட்டிப் பார்க்கிறது.