வெட்டுவதா, தூக்குவதா, ஒட்டி நீட்டுவதா? மலைச்சரிவு ரிசார்ட்டுக்கு மூன்று வழிகள்

கீழ்ப்பழனி மலையில், ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சற்றுக் கீழே, மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம். கிழக்குப் பார்த்த சரிவு. அடிவாசலுக்கும் மேல் எல்லைக்கும் இடையே 40 மீட்டர் ஏற்றம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற சின்ன ஓடை ஒன்று குறுக்கே இறங்குகிறது. வாங்கியவர் என் நண்பர். பன்னிரண்டு வில்லா, ஒரு சாப்பாட்டுக்கூடம், ஒரு நீச்சல்குளம் என்று கணக்குப் போட்டு வைத்துவிட்டு, ஜேசிபியை எப்போது வரச் சொல்லலாம் என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லி, அவரோடு உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரிவில் கட்ட மூன்று வழிகள் உண்டு. மலையை வெட்டிப் படி அமைத்து அதன்மேல் வீட்டை வைக்கலாம். மண்ணைத் தொடாமல் தூண்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தலாம். தனித்தனி வீடு என்பதையே விட்டுவிட்டு, சரிவை ஒட்டி ஒரே நீளக் கட்டடமாக இழுக்கலாம். மூன்றுக்கும் உலகில் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: பெருமழை பெய்கிற இரவில் தண்ணீர் எந்த வழியாக இறங்கும்?

முதல் வழி நமக்குப் பழகியது. மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி நிரவி, சுவர் எழுப்பிவிட்டால் சமவெளியில் கட்டுவது போலவே கட்டலாம். கொத்தனாருக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். அழகாகவும் செய்ய முடியும். பாலித் தீவில் உபுதுக்குப் பக்கத்தில், ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் 1989-இல் திறந்த அமண்டாரி என்ற விடுதியை ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் பீட்டர் முல்லர் ஒரு பாலி கிராமம் போலவே அமைத்தார். ஆற்றுக்கல் பாவிய நடைபாதைகள், மதிலும் வாசலும் வைத்த தனித்தனி வீடுகள், புல் வேய்ந்த கூரை. நீச்சல்குளத்தின் விளிம்புகூட அக்கம்பக்கத்து நெல்வயல் படிகளின் சாயலில் இருக்கும். அதைப் படத்தில் பார்த்துவிட்டுத்தான் பலரும் நம் மலையில் ஜேசிபியை இறக்குகிறார்கள்.

ஆனால் பாலியின் படிவயல்கள் கையால், தலைமுறை தலைமுறையாக வெட்டியவை. ஒவ்வொரு படியிலும் மிஞ்சும் தண்ணீர் எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போக வேண்டும் என்பதை சுபக் என்கிற விவசாயிகள் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. 2012-இல் யுனெஸ்கோ அந்தப் படிவயல்களையும் சுபக் முறையையும் சேர்த்தேதான் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. தண்ணீருக்கு வழி சொல்லாத படி வெறும் வெட்டுக்காயம்.

கணக்கைப் பாருங்கள். எட்டு மீட்டர் ஆழமுள்ள ஒரு வீடு. சரிவு 15 பாகை என்றால் வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மட்ட வித்தியாசம் சுமார் 2 மீட்டர். பாதி வெட்டி, பாதி நிரப்பினால் வெட்டு ஒரு மீட்டர், நிரப்பு ஒரு மீட்டர். காட்டுக்கல் அடுக்கியே சமாளித்துவிடலாம். அதே வீடு 30 பாகைச் சரிவில் என்றால் 4.6 மீட்டர். அங்கே சுவர்தான் கட்டடம், வீடு அதற்கு ஒட்டு.

அந்தச் சுவரை எது தள்ளுகிறது? மூன்று மீட்டர் உயரச் சுவரை, பின்னால் உள்ள மண் காய்ந்திருக்கும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் முழுக்க ஊறித் தேங்கிவிட்டால் 5.7 டன், இரண்டு மடங்குக்கும் மேல். அதில் 4.5 டன் தண்ணீரின் பங்கு மட்டுமே; தண்ணீரில் மூழ்கிய மண் இலேசாகிவிடுவதால் அதன் பங்கு குறைந்துவிடுகிறது. தை மாதத்தில் கட்டி முடித்து, சித்திரையில் கம்பீரமாக நிற்கிற சுவர் ஐப்பசியில் சாய்வது இதனால்தான். நான் மேற்பார்த்த ஒரு வேலையிலேயே இது நடந்தது. தண்ணீர் வடியச் சுவரில் குழாய் ஓட்டைகள் சரியாக விட்டிருந்தோம். பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெட்டிய செம்மண்ணையே தள்ளி மூடிவிட்டார்கள். நானும் அன்று அங்கே இல்லை. ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. கார்த்திகையில் ஒரே இரவில் பத்து மீட்டர் சுவர் கீழே காப்பிச் செடிகள்மேல் கிடந்தது. ஆள் யாரும் இல்லை என்பது அன்று எங்களுக்குக் கிடைத்த நல்லகாலம்.

இன்னொன்று. பாதி வீடு கெட்டி மண்ணிலும் பாதி வீடு கொட்டிய மண்ணிலும் நின்றால், இரண்டு மூன்று மழைக்குள் அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். பின்சுவர் மண்ணை ஒட்டி இருந்தால் வருடம் முழுக்க ஓதம். படுக்கைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடித்த அறைக்கு எந்த விருந்தினர் மறுபடி வருவார்?

சரி, தூக்கி நிறுத்தினால்? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆடம்பரமானது அல்ல. அமெரிக்க வெர்ஜின் தீவுகளில் செயின்ட் ஜான் என்று ஒரு தீவு. அங்கே 1976-இல் ஸ்டான்லி செலெங்கட் என்பவர் மாஹோ பே என்ற முகாமைத் தொடங்கினார். கடலைப் பார்த்த செங்குத்துச் சரிவு, கீழே பவளப்பாறை. மேலே மண்ணைக் கிளறினால் மழையில் கரைந்து இறங்கிப் பவளத்தை மூடிக் கொன்றுவிடும். அதனால் குழிகளைக் கையாலேயே தோண்டி மரத்தூண் நட்டு, மேலே மரமேடை போட்டு, துணிக்கூடாரம் கட்டினார்கள். ஒரு மேடைக்கும் இன்னொன்றுக்கும் தரையைத் தொடாத மரப்பாலம். குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் அந்தப் பாலத்தின் அடியிலேயே தொங்கின. எதற்காகவும் பள்ளம் தோண்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கூடாரங்கள், மரங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, சரிவில் நின்றன. குத்தகை முடிந்து 2013-இல் மூடும் வரை அப்படியே நடந்தது.

நமக்குக் கீழே பவளம் இல்லைதான். ஆனால் கீழ்ப்பழனியின் இந்தப் பக்கத்து ஓடைகள் இறங்கிப் போய் ஆத்தூர் காமராஜர் அணையில் சேர்கின்றன. திண்டுக்கல் நகரம் குடிக்கிற தண்ணீர் அது. நாம் கிளறும் மண் அங்கேதான் போய்ப் படியும்.

தூண்வீட்டின் இன்னொரு லாபம் காற்று. தரைக்கு அடியில் காற்று புகுந்து போவதால் ஓதம் ஏறாது. சித்திரை வெயிலிலும் இரவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். பாம்பு, பூரான் தொல்லையும் குறைவு. குறைகளும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. மரத்தூண் என்றால் கறையான் தடுப்புத் தகடு இல்லாமல் பத்து வருடம் தாங்காது. சரிவில் நிற்கும் வீட்டின் மேல்பக்கத் தூண் குட்டை, கீழ்ப்பக்கத் தூண் நெட்டை. ஒரே கனமுள்ள தூண்களில் பாதி உயரமுள்ளது எட்டு மடங்கு விறைப்பானது. ஆகவே பூமி குலுங்கினால் ஆட்டத்தின் பாரத்தில் பெரும்பகுதி அந்தக் குட்டைத் தூண்கள்மேல் விழுந்து அவைதான் முதலில் முறியும். குறுக்குச் சட்டம் போட்டுக் கட்டத் தெரிந்த பொறியாளர் கட்டாயம் வேண்டும். அப்புறம், படிகள். மூட்டுவலிக்காரர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி இறங்குவார்?

மூன்றாவது வழிக்கு ஆதாரம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. இலங்கையில் தம்புள்ளை அருகே கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994-இல் திறந்த கண்டலம ஹோட்டல். சிகிரியா என்ற பழைய பாறைக்கோட்டையின் அடிவாரத்தில் கட்டத்தான் முதலில் கேட்டார்கள். பாவா அதை ஏற்காமல், தள்ளி இருக்கும் பழைய கண்டலம குளத்துக்கு மேலே உள்ள பாறைச்சரிவைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து சிகிரியா தூரத்தில் தெரியும். 152 அறைகள், பாறையின் மடிப்புக்கு வளைந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் கட்டடம். பாறையிலிருந்து வழியும் மழைநீர் தடையில்லாமல் குளத்துக்கு இறங்கட்டும் என்று கட்டடத்தைத் தூண்கள்மேல் தூக்கியிருக்கிறார். அறைகள் குளத்தைப் பார்க்கும், நடைவழி பாறையைப் பார்க்கும். பாறைக்கும் அறைக்கும் நடுவே காற்றும் தண்ணீரும் போக இடம் இருக்கிறது. ஓதப் பிரச்சினைக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை. முகப்பில் கொடிகள் ஏறி வெயிலைத் தடுக்கின்றன. தட்டைக் கூரைமேல் தோட்டம்.

கட்டுவதற்கு முன் அங்கே சூழலியல் எதிர்ப்பு பலமாக இருந்தது. இவ்வளவு பெரிய கட்டடமா என்று. ஆனால் அதே 152 அறைகளைத் தனித்தனி வில்லாவாகப் பரப்பியிருந்தால் எவ்வளவு காடு போயிருக்கும்?

இந்தக் கேள்விதான் நண்பரிடம் நான் பேச நினைத்ததன் மையம். ஏனென்றால் மலையை அதிகம் கெடுப்பது வீடு அல்ல, வீட்டு வாசல் வரை போகும் ரோடு. அவருடைய நிலத்தையே எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் ஏற வேண்டும். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ரோடு போட்டால் 400 மீட்டர் நீளம், மூன்று கொண்டை ஊசி வளைவு. ரோடும் ஓரக் கால்வாயும் சேர்த்து 5 மீட்டர் அகலம் என்றால் 2,000 சதுர மீட்டர். ஏறக்குறைய 50 சென்ட். மூன்று ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு! பன்னிரண்டு வில்லாவும், ஒன்றுக்கு 80 சதுர மீட்டர் வீதம், சேர்ந்தே 960 சதுர மீட்டர்தான். வீட்டைத் தூணில் தூக்கி மண்ணைக் காப்பாற்றிவிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு இடத்தை ரோட்டுக்கு வெட்டினால் என்ன பயன்? 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த ரோடு மட்டும் இரண்டு லட்சம் லிட்டர் தண்ணீரைச் சேர்த்து, ஏதாவது ஒரு வளைவில் கொண்டுபோய்க் கொட்டும். சரிவு உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கழிவுநீரும் இதே கதை. பன்னிரண்டு வீட்டுக்குப் பன்னிரண்டு செப்டிக் டேங்க், பன்னிரண்டு உறிஞ்சுகுழி என்றால் மலையின் வயிற்றுக்குள் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு உறிஞ்சுகுழிக்குக் கீழே அடுத்த வீட்டின் தடுப்புச்சுவர் நிற்கும். நீளக் கட்டடத்தில் ஒரே குழாய், அடிவாரத்தில் ஒரே சுத்திகரிப்பு. வில்லாவுக்கு வில்லா குட்டி நீச்சல்குளம் என்ற ஆசையையும் விடச் சொன்னேன். ஐந்துக்கு மூன்று மீட்டர் தொட்டி, 1.3 மீட்டர் ஆழம் என்றாலே இருபது டன் தண்ணீர். அது கசிந்தால் முதலில் தெரிவது சுவர் சாயும்போது.

கூரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்று வழிக்கும் ஓட்டுக்கூரையும் அகலமான இறவாரமும் போதும். தகரம் மழையில் தூங்கவிடாது. புல்கூரையைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற ஆள் வேண்டும். கிழக்குச் சரிவு என்பதால் மாலை வெயிலை மலையே மறைத்துக்கொள்ளும், அது நண்பரின் அதிர்ஷ்டம்.

முடிவாக அவருக்கு நான் வரைந்து காட்டியது எந்த ஒரு வழியும் அல்ல. அடிவாசலுக்குப் பக்கத்தில் சரிவு குறைவான இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் வெட்டாமல் நான்கு வில்லா. வயதானவர்களுக்கும் குழந்தையோடு வருபவர்களுக்கும் அவை. சாப்பாட்டுக்கூடமும் வண்டி நிறுத்தமும் அங்கேயே, ரோடும் அங்கேயே முடிந்துவிடும். மேலே, சரிவில் ஒரே உயரத்தில் போகும் மட்டக்கோட்டை ஒட்டி, தூண்மேல் நிற்கும் இரண்டு வரிசைக் கட்டடம், வரிசைக்கு நான்கு அறை. பின்னால் நடைவழி, முன்னால் பள்ளத்தாக்கு. நடைபாலத்தின் அடியில் குழாய்கள். பெட்டி ஏற்ற ஒரு சின்னக் கம்பிவட இழுவை. ஓடைக்கு இரண்டு பக்கமும் எதுவும் கிடையாது, வேலிகூட.

“தனி வில்லா என்றால்தான் அதிக வாடகை தருவார்கள்” என்றார். அது உண்மை. அதனால் அறைகளை ஒன்றுக்கொன்று இரண்டு மீட்டர் முன்னும் பின்னுமாகத் தள்ளி, நடுவில் கனமான கல்சுவர் வைத்தேன். திண்ணையில் உட்கார்ந்தால் பக்கத்து அறை கண்ணில் படாது, பேச்சும் கேட்காது. விருந்தினர் கேட்கும் தனிமை அதுதான் என்று நான் நம்புகிறேன்.

மலைக்கிராமப் பட்டியலில் இருக்கும் நிலம் என்பதால் ஹாக்கா (மலையிடப் பாதுகாப்புக் குழுமம்) அனுமதி வாங்க எப்படியும் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியை வீணாக்க வேண்டாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்கிற அன்று இரண்டு பேரும் குடையோடு போய், தண்ணீர் ஓடுகிற தடம் எல்லாவற்றிலும் முளைக்குச்சி அடித்துவிட்டு வரப்போகிறோம். சர்வேயரை அதற்கு அடுத்த நாள் வரச் சொல்லியிருக்கிறார். ஜேசிபிக்கு இன்னும் சொல்லவில்லை.