எம்எக்ஸ்-5க்கு எஞ்சின் மவுண்டிங்: ஒரிஜினல் ரப்பரா, பாலியூரித்தேனா?

முதலில் கியர்பாக்ஸ் மேல்தான் சந்தேகம் வந்தது. உலு யாம் மலைச் சாலையில் இரண்டாம் கியரில் வளைவு முடிந்து எண்ணெய் (ஆக்சிலரேட்டர்) மிதித்தால் கியர் குச்சி ஒரு பக்கம் சாயும். காலை எடுத்தால் மறுபக்கம் வரும், கூடவே அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். என் வண்டி 2001இல் செய்த மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர். இதில் கியர் குச்சி நேராகக் கியர்பாக்ஸ் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் ஆடினால் குச்சியும் ஆடும். செந்தூல் பட்டறையில் ஃபோர்மன் பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பிக்கொண்டது. “தம்பி, கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. மவுண்டிங்தான் போச்சு,” என்றார்.

மவுண்டிங் என்பது எஞ்சினை வண்டி உடம்போடு பிடித்துத் தாங்கி, அதிர்வை அடக்கும் தாங்கி. எஞ்சினுக்கு இடம் ஒன்று, வலம் ஒன்று என இரண்டே மவுண்டிங். அதற்கு என்னென்ன வாங்கலாம் என்று பார்த்தால், இரண்டு வழிகளை உடனே தள்ளிவிடலாம். பழைய கார்களைப் பிரித்து விற்கும் ஹாஃப் கட் கடையில் கழற்றிய பழைய ஜோடி விலை குறைவு, ஆனால் அதுவும் என் வண்டி வயது ரப்பர்தான். கிழட்டு ரப்பரைக் கழற்றிக் கிழட்டு ரப்பரை மாட்ட எதற்குக் கூலி? இன்னொன்று, பெட்டியில் பெயர் மட்டும் பளபளக்கும் மலிவு நகல். முன்பு வைத்திருந்த காரில் அதைப் போட்டு ஐந்தே மாதத்தில் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்து வந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிஞ்சியவை ஒரிஜினல் ரப்பரும், அதைவிடக் கெட்டியான செயற்கைப் பொருளான பாலியூரித்தேனும். நான் முதலில் மாட்டியது பாலியூரித்தேன். ஊதா நிறம், பார்க்கவே ஆசையாக இருக்கும்.

அதன் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாட்டிய அன்று இரவே உலு யாம் போனேன். குச்சி ஆடவில்லை, ‘டொக்’ இல்லை. எண்ணெய் மிதித்த கணமே பின்சக்கரம் பதில் சொன்னது. எஞ்சின் ஆயில் கசிந்தால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிப்போகும். பாலியூரித்தேன் அதை வெகுவாகத் தாங்கும். சரி, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு ஃபெடரல் ஹைவேயில் மாட்டிக்கொண்டபோது தெரிந்தது. வண்டி நிற்கிறது, ஏர்கான் ஓடுகிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்மார்ட்டேக் (டோல் கட்டும் கருவி) வண்டுபோல ரீங்காரம் போட்டது. நடுக் கண்ணாடியில் பின்னால் நின்ற லாரியின் இரண்டு விளக்குகள் நான்காகத் தெரிந்தன. பொட்டலம் கட்டி வாங்கிவந்த தே தாரிக் தேநீர், கொக்கியில் தொங்கியபடி மேல்பரப்பில் வட்ட வட்டமாக நடுங்கியது. ஏர்கான் கம்ப்ரஸர் ‘கிளிக்’ என்று பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் வழியாக ஓர் உதறல் முழங்கைவரை ஏறும்.

பட்டறைக்காரர் சரியாக மாட்டவில்லை என்று நினைத்தேன். அவர் மேல் தப்பில்லை, கணக்கே அப்படித்தான். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும். ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் சும்மா ஓடும்போது, நிமிடத்துக்கு 850 சுற்று என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 28 உதறல். மவுண்டிங் மேல் உட்கார்ந்த எஞ்சினுக்கும், ஊஞ்சலுக்கு இருப்பது போல, தனக்கென ஓர் ஆட்ட வேகம் உண்டு. உதறல் அந்த வேகத்தைவிட 1.4 மடங்குக்கு மேல் போனால்தான் மவுண்டிங் அதிர்வைக் குறைக்கவே ஆரம்பிக்கும். மென்மையான ரப்பரில் ஆட்ட வேகம் வினாடிக்கு 10 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 28 அதைவிட எவ்வளவோ மேலே, அதனால் அதிர்வில் ஏழில் ஒரு பங்குதான் வண்டி உடம்புக்கு வரும். மவுண்டிங்கை நான்கு மடங்கு கெட்டியாக்கினால் ஆட்ட வேகம் இரண்டு மடங்கு, அதாவது 20. இப்போது 28 சரியாக அந்த எல்லைக்கோட்டில் நிற்கிறது, எதுவும் குறையாது. கம்ப்ரஸர் பிடிக்கும் நொடியில் சுற்று 700க்கு இறங்கினால் உதறல் 23 ஆகிவிடும். 20க்கு அவ்வளவு பக்கத்தில் போனால் அதிர்வு குறைவதற்குப் பதில் பெருகும்.

இதே கணக்கில் 3000 சுற்றுக்கு உதறல் வினாடிக்கு 100. அங்கே இரண்டுமே நன்றாக வேலை செய்யும், பாலியூரித்தேனில் கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். அதனால்தான் காலியான சாலையில் ஓட்டிப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். கோலாலம்பூரில் ஏர்கானை அணைத்துவிட்டு ஜாமில் நிற்க யாரால் முடியும்? குளிர் ஊர்க்காரர்கள் ‘கொஞ்சம் அதிர்வுதான், பழகிவிடும்’ என்பார்கள். அவர்கள் கூரையைத் திறந்துவிட்டு ஓட்டுகிறார்கள்.

நான்கு மாதம் பொறுத்தேன். அதற்குள் டாஷ்போர்டில் இரண்டு இடத்தில் கிரீச் சத்தம் குடிவந்தது, எக்ஸாஸ்ட் கவசத் தகட்டின் போல்ட் ஒன்று தளர்ந்தது. அப்புறம் ஒரிஜினல் ஜோடியை வரவழைத்தேன். விலை பாலியூரித்தேனை விடக் கூடத்தான். ஆனால் புது ரப்பர் மாட்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது: நான் மென்மை என்று குறை சொன்னது ரப்பரை அல்ல, செத்துப்போன ரப்பரை. புதிதில் குச்சி லேசாகத்தான் அசைகிறது, ‘டொக்’ சுத்தமாக இல்லை. என் பாட்டி பந்திங் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்பதால் எனக்கு ரப்பர் மேல் பாசம் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கும் எஞ்சின் மவுண்டிங்கில் இயற்கை ரப்பரை விரும்பிப் போடுவது, ஓயாமல் மடங்கி நிமிர்ந்தாலும் எளிதில் விரிசல் விடாது என்பதற்காகத்தான்.

நடுவில் ஒரு வழியும் உண்டு. மாஸ்டாவின் பந்தயப் பிரிவு இதே வடிவத்தில் கெட்டியான ரப்பரில் மவுண்டிங் செய்தது. நண்பர் வண்டியில் ஒரே ஒரு மாலை ஓட்டியிருக்கிறேன். ஐட்லிங்கில் நடுக்கம் தெரிந்தது, ஆனால் கண்ணாடி கலங்கவில்லை. ஒரு மாலை ஓட்டியதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செப்பாங் பந்தயத் தடத்தின் 5.543 கிலோமீட்டர் சுற்றில் ஓட்டுபவருக்கும், டர்போ ஏற்றியவருக்கும் என் பேச்சு பொருந்தாமல் போகலாம். நான் செப்பாங்கில் இந்த வண்டியை இறக்கியதில்லை. அப்படியே கெட்டியாக்குவதாக இருந்தாலும் முன்னால் மட்டும் செய்து பயனில்லை. இந்த வண்டியில் கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் நீளமான ஒரு சட்டம் இணைக்கிறது. கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்டிங்கே கிடையாது. பின்னால் டிஃபரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ் நைந்திருந்தால் பாதி ஆட்டம் அங்கிருந்துதான் வரும்.

மாட்டும்போது ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். எஞ்சினை ஜாக்கில் தூக்கியபடியே போல்ட்டை முறுக்கி முடித்தால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். எடை முழுவதும் மவுண்டிங் மேல் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. ஆயில் தட்டுக்கு அடியில் ஒரு பலகை வைக்காமல் ஜாக்கைத் தொடவே விடாதீர்கள். இன்னொன்று, புது ரப்பர் வாங்கும் முன் எஞ்சின் மேல்மூடியைத் தடவிப் பார்க்கச் சொன்னார் ஃபோர்மன். விரலில் ஆயில் ஒட்டியது. கேஸ்கெட் கசிவு, பழைய மவுண்டிங் மேலேயே சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் அதை மாற்றினோம், மவுண்டிங்கை மறுநாள் மாட்டினோம்.