வேலையை விடாமல் இக்னோவில் எம்.ஏ. வரலாறு: 5க்கு 4

பாரிமுனையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். வீடு கூடுவாஞ்சேரி. காலையும் மாலையும் லோக்கல் டிரெயின். இப்படி ஓடுகிற ஆளுக்கு எம்.ஏ. சரிவருமா என்று கேட்டால், தொலைதூரக் கல்வி தருகிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், சரிவரும் என்பேன். அங்கே யாரும் கழுத்தில் கத்தி வைப்பதில்லை.

முதுகலைக்குக் குறைந்தது 2 வருஷம். 4 வருஷம் வரை இழுக்கலாம். ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு தேர்வு. கணக்குப் பிரிவில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். மார்ச் 31 முடிந்து, காணாமல் போன வவுச்சரைத் தேடி, ஆடிட்டருக்குப் பதில் சொல்லி நிமிர்வதற்குள் ஜூன் வந்து நிற்கும். அதனால் ஜூனுக்கு லேசான தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை டிசம்பருக்குத் தள்ளிவிடுவேன். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 8 கிரெடிட் தாளுக்கு 240 மணி. மிகையில்லை, நிஜமாகவே அவ்வளவு இழுக்கும்.

இக்னோவின் இ-ஞானகோஷ் இணையதளத்தில் பாடமெல்லாம் யூனிட் யூனிட்டாக பிடிஎஃப், இலவசம். போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுவாஞ்சேரியில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் மாம்பலம் வருவதற்குள் ஒரு யூனிட்டை ஓட்டிவிடலாம். நின்றுகொண்டு போகிற நாளில் ஒரு பக்கம்கூட நகராது. பொருளாதார வரலாற்றுத் தாள்தான் எனக்குப் பிடித்தது. ஐந்நூற்றுவர், மணிக்கிராமம் என்று அந்தக் கால வணிகக் குழுக்கள், சரக்கு, சுங்கம் என்று படித்துவிட்டு ஆபீஸுக்குள் நுழைந்தால் மேஜை மேல் இ-வே பில் கட்டு, லாரிச் சரக்கோடு போகிற இந்தக் கால ஜிஎஸ்டி சீட்டு! வரலாற்றை எப்படி எழுதுகிறார்கள் என்று சொல்கிற வரலாற்றியல் தாள் மட்டும் கொஞ்சம் வறட்சி.

அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்ட்டைக் கையால்தான் எழுத வேண்டும். டேலி கணக்கு சாஃப்ட்வேரில் தட்டியே பழகிய விரலுக்கு ஏ4 தாளில் பக்கம் பக்கமாக எழுதுவது தண்டனைதான். முதல் கட்டு முடிந்தபோது கட்டைவிரலுக்கு அயோடெக்ஸ் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காசு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிற ஆட்கள் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். தனியாக உட்கார்ந்து படிக்க நேரமில்லாத நமக்கு, எழுதும்போது மண்டையில் ஏறுவதுதான் படிப்பு. தேர்வில் ஒரு தாள் போனாலும் அசைன்மென்ட் மதிப்பெண் அப்படியே இருக்கும்.

ஒரு மார்க் எதற்குக் குறைத்தேன் என்றால், இந்தப் படிப்புக்குப் புத்தகம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் கொஞ்ச நாள் அகராதியோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

தேர்வு வேலை நாளிலும் வரும். டேட் ஷீட் என்கிற தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே லீவ் லெட்டரைக் கொடுத்துவிடுங்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால், எங்கள் முதலாளி மாதிரி, "உனக்கெதுக்கும்மா இப்ப சரித்திரம்? ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாச்சா?" என்பார்கள்.