ஈப்போவா, தைப்பிங்கா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தைச் சுற்றிப் பார்க்க எங்கே தங்கலாம்? ஊர் ஊராகப் போக நினைப்பவர்களுக்கு ஈப்போ சரி. கிந்தா ஆறு நகரைப் பழைய டவுன், புதிய டவுன் என்று பிரிக்கிறது. தெற்கே பத்து காஜா, கோப்பெங், கம்பார் என்று பழைய வெள்ளீயச் சுரங்க ஊர்கள். சுற்றிலும் சுண்ணாம்புக்கல் குன்றுகள், அவற்றில் குகைக் கோயில்கள். கல்லுமலை முருகனை அவசியம் பாருங்கள்.

ஆனால் என் ஓட்டு தைப்பிங்குக்குத்தான். புக்கிட் லாருட் மலை மேகத்தைத் தடுத்து நிறுத்துவதால் தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் இது. அதனால்தான் இந்தப் பச்சை! ஏரிப் பூங்கா முன்பு ஈயச் சுரங்கமாக இருந்த இடம். அப்புறம், மேற்கே கோலா செபெத்தாங்கின் சதுப்புநிலக் காடு. மலாயாவின் முதல் ரயில் பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் போனது.